ஓரசையில் விஹாரமும் வணக்கமும்



சென்ற பௌர்ணமியன்று அடுகோடியில் நம்மவர் இல்லமொன்றில் கூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்தபின், கல்லூரியிற் பயிலும் பெண்ணொருத்தி எழுந்து ஒரு வினா எழுப்பினாள். தொலைக்காட்சியில் வரும் கொரிய நாடகங்களைக் கண்டே அம்மொழியிற் சில சொற்களைக் கற்றுக்கொண்டவள் அவள். “ஐயா, கொரிய மொழியில் புத்த விஹாரத்துக்கும் ‘ஜொல்’ என்று பேர், தரையில் மண்டியிட்டுக் கும்பிடுவதற்கும் ‘ஜொல்’ என்றே பேர். ஓர் எழுத்து, ஓர் ஓசை. இரண்டுக்கும் எப்படி ஒரே சொல் வந்தது?” என்றாள். நாம் வாய் திறக்குமுன் சுவரோரம் நின்றிருந்த பெரியவர் ஒருவர், “எப்படி வந்தால் என்ன அம்மா? கும்பிடு போட வேண்டாத இடம் தேடித்தானே நாம் இங்கே வந்து சேர்ந்தோம்” என்று கூறிவிட்டார். கூட்டத்திற் சிலர் நகைத்தனர்; சிலர் நகைக்கவில்லை. நேரமாகிவிட்டபடியால் அன்று சிறிதளவே பேச முடிந்தது. இருவர்க்கும் நாம் கடன்பட்டுள்ளோம்; ஆதலின் இதனை எழுதலாயினோம்.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. கொரியரும் தந்தையை ‘அப்பா’ என்றழைப்பதையும், தாயை ‘ஒம்மா’ என்றழைப்பதையும் கேட்டு நம் இளைஞர்கள் களிப்புறுகின்றனர். ‘ஜொல்’ என்பது நம் ‘சொல்’லே என்று கூறிய ஒருவரையும் யாம் அறிவோம். இவ்வாசை புதிதன்று. ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய இலக்கணத்தையும் திராவிட இலக்கணத்தையும் ஒப்பிட்டு 1905இலேயே ஒரு நூல் வெளியிட்டார். மொழியறிஞர் பெரும்பாலோர் அவ்வுறவை இன்று ஏற்பதில்லை. நம் பண்டிதர் க. அயோத்திதாசர் சொற்களின் மூலத்தைத் துருவியே மறைந்த பௌத்த வரலாற்றை மீட்க முயன்றவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. எனினும் அவர் வழி நடப்போர் காதுக்கு இனித்த ஒற்றுமையை மட்டும் நம்பிப் புறப்படலாகாது. கேள்விப்பட்டதென்பதற்காக எதனையும் ஏற்காதீர் எனக் காலாமர்க்கு அருளிய ததாகதரின் அறிவுரை சொல்லாராய்ச்சிக்கும் பொருந்துவதே.

இனி வினாவிற்கு வருவோம். விஹாரமெனப் பொருள்படும் ‘ஜொல்’லும் வணக்கமெனப் பொருள்படும் ‘ஜொல்’லும் பிறப்பில் வெவ்வேறு சொற்கள். கொரிய எழுத்தாகிய ஹங்குலைச் செஜோங் மன்னர் 1446இல் நாட்டுக்கு அளித்தார். அவ்வெழுத்தில் முதன்முதல் இயற்றப்பட்ட உரைநடை நூல்களில் ஒன்று புத்தபகவானின் சரித்திரமே. மறைந்த அரசியாரின் நற்கதி கருதி 1447இல் இளவரசர் ஒருவரால் தொகுக்கப்பட்டது அது. அக்காலத்து நூல்களில் விஹாரத்தைக் குறிக்கும் சொல் ‘தியொல்’ என்பது போன்ற ஒலியுடன் எழுதப்பட்டது. வணக்கத்தைக் குறித்த சொல்லோ அன்றும் ஜகர ஒலியுடனேயே இருந்தது. சில நூற்றாண்டுகளுக்குப் பின் தகரமும் யகரமும் சேர்ந்த ஒலி மக்கள் நாவில் ஜகரமாகத் திரிந்தது. இரு சொற்களும் ஒன்றாய்ச் சேர்ந்துகொண்டன. இத்திரிபு நமக்கு விந்தையன்று. வடமொழி ‘அநித்ய’ பாலியில் ‘அநிச்ச’ ஆயிற்று. ‘த்யான’ என்பது ‘ஜான’ ஆயிற்று. நாமே ‘ஐந்து’ என எழுதி ‘அஞ்சு’ எனப் பேசுகின்றோம்.

ஆயின், ‘வணங்கும் இடமாதலால் விஹாரத்துக்கு வணக்கமென்றே பெயர்’ என்று கொரிய மக்கள் கூறிக்கொள்வது, சொல்நூலார் கணக்கிற் பிழை. நம் பெண்ணும் அதனையே எதிர்பார்த்திருப்பாள். பிழையென்று அறிந்தும் அதனை நாம் கைவிடப்போவதில்லை. காரணம் பின்னர் விளங்கும்.

‘தியொல்’ என்பது எங்கிருந்து வந்தது? அறிஞர் கருத்துப் பலவாயினும் இரண்டு குறிப்பிடத்தக்கன. ஒன்று, அது பாலி மொழியின் ‘தேர’ என்னும் சொல்லின் திரிபு என்பது. ‘தேரர்’ என்றால் சங்கத்தில் மூத்தவர். ஜப்பானியர் விஹாரத்தைத் ‘தெரா’ என வழங்குவதும் இதற்குத் துணையாகக் காட்டப்படுகிறது. மூத்த பிக்குவின் பெயரே அவர் தங்கிய இடத்துக்கு ஆகி வந்தது என்பர். இரண்டாவது கருத்து ஒரு குடியானவனின் வீட்டைப் பற்றியது. அதனைச் சற்றே பொறுத்துக் கூறுவோம். இரண்டில் எதுவும் முடிந்த முடிபாக நிலைநாட்டப்படவில்லை.

படித்தோர் எழுத்தில் விஹாரத்துக்கு வேறொரு சொல்லும் உண்டு. புல்குக்ஸா, ஹேயின்ஸா என விஹாரப் பெயர்களின் ஈற்றில் வரும் ‘ஸா’ என்பது அது. திரிபிடகம் முழுவதையும் 80,000க்கும் மேற்பட்ட மரப்பலகைகளிற் செதுக்கிக் காத்துவரும் இடமே ஹேயின்ஸா. இந்த ‘ஸா’ சீனத்திலிருந்து வந்தது. அங்கே அதன் பழம்பொருள் அரசாங்கக் காரியாலயம் என்பது! மேற்கிலிருந்து வந்த பிக்குகளை அயல்நாட்டு விருந்தினரை வரவேற்கும் காரியாலயத்தில் முதலில் தங்கவைத்தனர் என்பதும், அதனால் அப்பெயர் விஹாரத்துக்கு ஆயிற்று என்பதும் சீன மரபு. பாருங்கள், ஏட்டுச் சொல் அரண்மனையின் வழியே வந்தது. மக்கள் வாயில் வழங்கும் சொல்லோ, மேற்சொன்ன முதற் கருத்து மெய்யாயின், ஒரு முதிய துறவியின் வழியே வந்தது.

அச்சொல் நம்மிடமும் இருந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்? தமிழில் ‘தேரர்’ என்றால் பௌத்தர். சைவ அடியார் திருஞானசம்பந்தரின் பதிகங்களில் சமணரையும் தேரரையும் பழிக்கும் பாட்டு ஒன்று வழக்கமாய் இறுதியை அடுத்து இடம்பெறும். தமிழ் நாட்டில் ‘மூத்தவர்’ என்னும் அப்பெருஞ்சொல் ஏச்சாகி, ஏசுவதற்கும் ஆளில்லாது போனபின் அகராதியிற் சென்று ஒடுங்கிற்று. நம் முன்னோர் துறவியர் உறைவிடத்துக்கு இட்ட பெயராகிய ‘பள்ளி’ மட்டும் பிழைத்தது. இன்று நம் பிள்ளைகள் நாள்தோறும் அதற்குள் சென்று வருகின்றனர். அச்சொல்லின் பழம்பொருளைப் பள்ளிப் பாடநூல்களில் நாம் கண்டதில்லை.

ஏச்சாய் ஒடுங்கிய சொல் மீண்டு வந்ததும் உண்டு. 1898இல் பண்டிதர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றது சுமங்கல மகாநாயக தேரரிடம். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் தீட்சை பெற்றது சந்திரமணி மகாதேரரிடம். நம் வாழ்வில் தேரர் என்னும் சொல் இவ்விரு வாயில்களின் வழியே திரும்பியது.

இப்போது குடியானவன் வீட்டுக் கதை. 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் பிக்கு தொகுத்த ‘சம்குக் யூசா’ என்னும் நூல் இதனைக் கூறும். கொரிய நாடு அன்று மூன்று பேரரசுகளாக இருந்தது. வடக்கே கொகுர்யோவுக்கு 372இல் சீனத்திலிருந்து பிக்கு வந்தார். மேற்கே பெக்ஜேவுக்கு 384இல் மாலானந்தர் என்பவர் வந்தார். இரண்டிடத்தும் அரசரே வரவேற்றனர். தென்கிழக்கே இருந்த சில்லா அரசு மட்டும் தம்மத்துக்குக் கதவடைத்திருந்தது. நுல்ஜி என்னும் மன்னன் ஆண்ட காலத்தில், அதாவது 417க்கும் 458க்கும் இடையே, அங்கே ஒரு துறவி வந்து சேர்ந்தார். அவருடைய இயற்பெயரை நூல் சொல்லவில்லை, ‘முக்ஹோஜா’ என்கிறது. மைபோற் கறுத்த அயலான் என்பது அதன் பொருள். பெயர்கூடக் கேளாமல் நிறத்தைக் கொண்டே ஒருவனைக் குறிக்கும் வழக்கம் நமக்குத் தெரியாததன்று. (அவர் தமிழரே என்று உடனே நூல் எழுதப் புறப்பட வேண்டாம், அதற்குச் சான்று யாதுமில்லை.)

அவருக்கு இடம் கொடுத்தவன் இல்சொன் என்னும் ஊரில் வாழ்ந்த மோரியே என்பவன். இன்றைய கூமி நகரத்தின் வட்டாரம் அது. மோரியே தன் வீட்டிலேயே குகைபோல் ஓர் அறை தோண்டி அவரை அதில் வைத்திருந்தான். அக்காலத்தில் சீனத்திலிருந்து அரண்மனைக்கு ஒரு பொருள் வந்தது. அது இன்னதென்றோ, எதற்கு உதவும் என்றோ அவையில் ஒருவர்க்கும் தெரியவில்லை. நாடெங்கும் ஆள்விட்டு வினவினர். குகையறையிலிருந்த கறுத்த அயலானே அதன் பெயரைச் சொன்னார். அது நறும்புகைக் கட்டை. அதனைக் கொளுத்தி மும்மணிகளை நினைந்து வேண்டுதல் மரபு என்றார். அரசன் மகள் நோயுற்றிருந்தாள். அவரை அழைத்து அவ்வாறே செய்வித்தனர். அவள் நலம் பெற்றாள் என்பது கதை. அரசன் வெகுமதி அளித்தான். அவர் அதனைக் கொண்டுவந்து மோரியேயின் கையிற் கொடுத்துவிட்டு, செல்லவேண்டிய இடம் உண்டென்று கூறிப் போய்விட்டார். பின்னர் ஆதோ என்னும் துறவி மூன்று துணைவரோடு அதே வீட்டுக்கு வந்து தங்கி, நோயின்றி அங்கேயே மறைந்தார். துணைவர் சுத்தங்களை ஓதிக்கொண்டு அங்கேயே இருந்தனர். அங்கொருவர் இங்கொருவராக நம்புவோர் தோன்றினர்.

சில்லா அரசு தம்மத்தை ஏற்றது 527ஆம் ஆண்டையொட்டி. அதுவும் இச்சாதோன் என்னும் இளம் அதிகாரி தன் உயிரைப் பலியாகத் தந்த பின்னரே. நுல்ஜி மன்னன் மறைவிலிருந்து கணக்கிட்டாலும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். அத்தனை காலமும் அந்நாட்டில் விஹாரம் என ஒன்று இருந்ததாயின் அது மோரியேயின் வீட்டு அறையே. ‘மோரியே’ என்னும் பெயரைக் குறித்த சீன எழுத்துகளில் முதலாவதன் பொருள் உரோமம். உரோமத்துக்குரிய கொரியச் சொல் ‘தொல்’ என்பது போல் ஒலிக்கும். எனவே அவன் பெயரே அன்று அவ்வாறுதான் ஒலித்தது என்றும், ‘அவன் வீட்டுக்குப் போவோம்’ என்ற பேச்சே நாளடைவில் ‘விஹாரத்துக்குப் போவோம்’ என்றாயிற்று என்றும் கூறுவது இரண்டாவது கருத்து. நம் மனம் இதனையே விரும்புகிறது என்பதை ஒளிப்பானேன்? ஆயினும் விருப்பம் சான்றாகாது. சொல்லின் மூலம் எதுவாயினும் வீட்டைப் பற்றிய பழஞ்செய்தி நிற்கிறது. அடுகோடியில் இரு அறை கொண்ட வாடகை வீட்டில், கட்டிலை மடித்து வைத்துவிட்டுப் புத்தர் படத்தை நிறுத்தி ஓதுகின்றோமே, அதனை ‘விஹாரம் கட்டும் வரை ஒரு தற்காலிக ஏற்பாடு’ என்று சொல்லி நாணுவோர்க்கு இதைத் தெரிவிக்கவே கதையை நீட்டினோம்.

இனிப் பெரியவரின் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதுவே கடினமானது.

அன்றிரவு அவரோடு ஓசூர்ச் சாலை வரை நடந்து சென்றோம். வட ஆர்க்காட்டுச் சிற்றூரொன்றில் தம் தந்தை பண்ணையாள் என்றும், பண்ணையார் ஊரில் இல்லாத நாளிலும் அவருடைய வெறுந் திண்ணையைக் கும்பிட்டே கடக்க வேண்டும் என்றும், துண்டு தோளில் இருந்தால் அடி விழும் என்றும் சொன்னார். “அப்பா வெறுந் திண்ணைக்குக் குனிந்ததை நான் பார்த்தேன் ஐயா. நான் கைகூப்புவேன், குனிய மாட்டேன்” என்றார். இவரை நோக்கி, ‘பக்தியில்லை’ என்று எவரேனும் கூறுவாராயின் அவர் தம்மத்தைக் கல்லாதவர்.

எனினும் வணக்கமெல்லாம் வெறுந் திண்ணை வணக்கமா? வினயபிடகத்தின் சுள்ளவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பகவான் பிக்குகளோடு சாவத்தி நோக்கிச் சென்றபோது, முன்னே விரைந்து சென்ற சிலர் தங்குமிடங்களை எல்லாம், ‘இது எம் ஆசிரியர்க்கு, இது எமக்கு’ எனப் பிடித்துக்கொண்டனர். பின்னே வந்த சாரிபுத்த தேரர்க்குப் படுக்க இடமில்லை. அவர் ஒரு மரத்தடியில் அமர்ந்து இரவைக் கழித்தார். விடியற்காலையில் பகவான் எழுந்து இருமினார். மரத்தடியிலிருந்தும் ஓர் இருமல் எழுந்தது. யாரென வினவ, சாரிபுத்தர் என்று விடை வந்தது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம் வழக்கம் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமை உடையது என்று அறிகின்றோம்!

பகவான் பிக்குகளைக் கூட்டி, “முதல் இருக்கையும் முதல் நீரும் முதல் உணவும் யாருக்கு உரியன?” என்று கேட்டார். அரச குலத்திலிருந்து வந்தவர்க்கு என்றனர் சிலர். பிராமண குலத்திலிருந்து வந்தவர்க்கு என்றனர் வேறு சிலர். சுத்தம் வல்லார்க்கு, வினயம் வல்லார்க்கு, தியானம் கைவந்தவர்க்கு என்றனர் மற்றையோர். பகவான் எதனையும் ஏற்காமல் ஒரு கதை கூறினார். இமயச் சாரலில் ஓர் ஆலமரம். அதனைச் சார்ந்து ஒரு கௌதாரியும் குரங்கும் யானையும் வாழ்ந்தன. மரியாதையின்றி வாழ்கிறோமே, நம்மில் மூத்தவர் யாரெனத் தெரிந்தால் அவரைப் போற்றி அவர் சொற்படி நடக்கலாமே என்று அவை எண்ணின. பழைய நினைவு யாதென ஒன்றையொன்று வினவின. ‘நான் கன்றாயிருந்தபோது இம்மரத்தின் நுனித்தளிர் என் வயிற்றைத் தொடும், தாண்டிச் செல்வேன்’ என்றது யானை. ‘நான் குட்டியாயிருந்தபோது தரையில் அமர்ந்தபடியே இதன் நுனித்தளிரைக் கடித்தேன்’ என்றது குரங்கு. கௌதாரி, ‘அதோ அங்கே ஒரு பெரிய ஆலமரம் இருந்தது. அதன் பழத்தைத் தின்று இங்கே எச்சமிட்டேன். அதிலிருந்து முளைத்ததே இம்மரம்’ என்றது. அன்று முதல் யானையும் குரங்கும் கௌதாரியை வணங்கி நடந்தன.

யானை கௌதாரிக்குக் குனிகின்றது! உடல் வலியால் அன்று, குலத்தால் அன்று, அச்சத்தால் அன்று. இதன்மேல் பகவான் விதித்தது, சங்கத்தில் முன்னே சேர்ந்தவரைப் பின்னே சேர்ந்தவர் வணங்குக என்பதே. இவ்விதி எத்துணைக் கூர்மையானது என்பது உபாலியின் கதையிற் காணப்படும். சாக்கிய இளவரசர் அறுவர் துறவு பூண வந்தபோது, அவர்தம் நாவிதனாகிய உபாலியும் உடன் வந்தான். இளவரசர்களே பகவானை வேண்டிக்கொண்டனர்: “இவனுக்கு முதலில் தீட்சை தருக. நாங்கள் இவனை எழுந்து வணங்குமாறு ஆகட்டும். எங்கள் சாக்கியச் செருக்கு அடங்கட்டும்.” அவ்வாறே ஆயிற்று. அந்நாவிதரே பின்னர் வினயத்தில் வல்லவர்களுள் தலையாயவர் எனப் பெயர் பெற்ற உபாலி தேரர். பண்ணையார் எழுந்து பண்ணையாளை வணங்கினார் என்று நம் ஊர்க் கதைகளில் எங்கேனும் கேட்டதுண்டா?

நரை வந்ததனால் மட்டும் ஒருவன் தேரனாகான் என்று தம்மபதம் கூறுகின்றதே, கௌதாரிக் கதையோ மூப்பையே போற்றுகின்றதே என்று கேட்கலாம். தம்மபதச் செய்யுள் பிறந்தது லகுண்டக பத்தியர் என்னும் குள்ளமான துறவியைப் பொருட்டு. அவரைக் கண்ட பிக்குகள் சிறுவனாகிய சாமணேரன் என்று மயங்கினர். பகவான் அவரையே தேரர் என்றார். அமர்வதற்கும் வணங்குவதற்கும் ஒரு வரிசை வேண்டும். அதற்குப் பிறப்பைக் கொள்ளாமல் காலத்தைக் கொண்டார். தேரர் என்னும் பெயர்க்குத் தகுதி வேண்டும். அதற்குக் காலத்தையும் கொள்ளாமல் உள்ளத்தைக் கொண்டார். இரண்டிலும் பிறப்புக்கு இடமில்லை.

கொரிய விஹாரங்களில் 108 முறை விழுந்து வணங்கும் வழக்கம் உண்டு. இரு முழங்கால், இரு முழங்கை, நெற்றி ஆகிய ஐந்துறுப்பும் நிலந்தோய எழுந்தெழுந்து வணங்குவர். அவ்வாறு வணங்கிய பிக்குகளின் நிலைமை யாது தெரியுமா? ஜோஸன் மன்னர்கள் ஆண்ட நூற்றாண்டுகளில் அவர்கள் இழிந்த வகுப்பினருள் வைத்து எண்ணப்பட்டனர். தலைநகரின் மதில் வாயிலுக்குள் நுழையவும் அவர்க்குத் தடை இருந்தது. அத்தடை நீங்கியது 1895இல். ஊருக்குள் நுழைய ஒண்ணாதவர்கள் என்னும் பட்டத்தை நம்மோடு பகிர்ந்துகொண்டவர்கள் அவர்கள். மலைமேல் அவர்கள் நாள்தோறும் குனிந்தனர். அது மதிலுக்குள் இருந்தவனுக்கு இட்ட கும்பிடு அன்று.

நாகபுரியில் அந்நாளில் பாபாசாகேப் செய்ததையும் நினைக்க வேண்டும். ஆயுள் முழுதும் எவர்க்கும் தலை தாழ்த்தாத அவர், தீட்சை பெற்றபின் புத்தர் திருவுருவின் முன் கைகூப்பி மும்முறை வணங்கி வெண்டாமரை மலர்களைப் படைத்தார். அவர் குனிந்ததை அன்று கண்ட இலட்சக்கணக்கான மக்களில் எவரும் அவர் சிறுத்துப் போனார் என்று எண்ணியதாகத் தெரியவில்லை.

ஆதலாலே, வணங்கும் இடமென்பதால் விஹாரத்துக்கு அப்பெயர் என்று கொரியப் பாட்டிமார் சொல்லும் விளக்கத்தை நாம் கைவிடவில்லை. இலக்கணத்தில் அது பிழை. இரு சொற்கள் தற்செயலாய் மோதிக்கொண்டன. ஆனால் தேரர் இருக்கும் இடத்தில், அவர் நாவிதராயினும், அரச குமாரர் எழுந்து வணங்குவர் என்னும் செய்தி அம்மோதலில் நமக்குக் கிடைத்திருக்கிறது. பெரியவர் மறுத்த கும்பிடு வேறு, இது வேறு. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது நம் மொழியின் குறையன்று. நம் ஊரின் குறை.

இதனால் அவர் குனியவேண்டும் என்று யாம் கூறவில்லை. வரும் பௌர்ணமியும் அதே இல்லத்திற் கூடுகின்றோம். பாய் விரித்திருக்கும், விரும்புவோர் விழுந்து வணங்கலாம், ஏனையோர் நின்று கைகூப்பலாம், ஒருவரையொருவர் திருத்த வேண்டா. கௌதாரிக் கதையை அப்பெண்ணே படிப்பாள். எண்பதைக் கடந்த அப்பெரியவரே நம் கூட்டத்தில் மூத்தவர். ஓதல் முடிந்ததும் முதற் குவளை நீரை அவர் கையிற் கொடுத்துவிட்டு மற்றவர்க்கு வழங்குமாறு இல்லத்தாரிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.